இங்கிலாந்தில் கவுன்சில்கள் பாலியல் நலச் சேவையை ஏற்பாடு செய்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

குரோய்டனில் குடியிருக்கும் ஒருவர் வேலை விஷயமாக மான்செஸ்டர் போகிறார். அங்கே ஒரு பாலியல் நல கிளினிக்கில் நுழைந்து பரிசோதனை செய்துகொள்ளலாம். ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரின் கடிதம் தேவையில்லை. விசா என்ன என்று பார்த்துக் கட்டணம் கேட்கமாட்டார்கள். அந்த வருகைக்கான பில் பிறகு குரோய்டன் கவுன்சிலுக்குப் போகும். யார் போனார், என்ன நோய்க்குப் போனார் என்பது கவுன்சிலுக்குத் தெரியாது. கட்டவேண்டிய தொகை மட்டும் தெரியும்.

கவுன்சிலின் சிக்கல் முழுவதும் இதில் இருக்கிறது. வருபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது சட்டம். பட்ஜெட்டோ ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. திறந்த கதவையும் மூடிய பெட்டியையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரு சேவையை நடத்தவைப்பதைத்தான் அலுவலகத்தில் ‘கமிஷனிங்’ என்கிறார்கள். கவுன்சிலே டாக்டரையும் நர்ஸையும் வேலைக்கு வைப்பதில்லை. என்ன தேவை என்று கண்டறிந்து, எழுதிவைத்து, பணம் ஒதுக்கி, நடத்தத் தகுந்த ஒருவரிடம் ஒப்பந்தமாகக் கொடுத்து, பிறகு கண்காணிக்கிறது. பொதுச் சுகாதாரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், கவுன்சிலராகத் தேர்வாகியிருக்கும் நம்மவர்கள், தொண்டு நிறுவனங்களில் இருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பேச்சு இங்கிலாந்தைப் பற்றி மட்டும்தான். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இந்த வேலை சுகாதார வாரியங்களிடம் இருக்கிறது.

இந்தப் பொறுப்பு 2013இல் திடீரென்று கவுன்சில் தலையில் விழுந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. பால்வினை நோய்கள் பற்றி 1913இல் அமைந்த ராயல் கமிஷன் 1916இல் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு வந்த விதிமுறைகளின்படி கவுண்டி கவுன்சில்களும் கவுண்டி பரோக்களும் இலவசமாக, ரகசியம் காத்து சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசு கொடுத்தது. 1948இல் என்.எச்.எஸ். என்ற தேசியச் சுகாதாரச் சேவை பிறந்தபோது அந்த கிளினிக்குகள் அதனோடு சேர்ந்தன. 2012ஆம் ஆண்டுச் சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டத்தின் வழியாக, 2013 ஏப்ரல் 1 முதல் பொறுப்பு மறுபடியும் கவுன்சிலுக்கு வந்தது.

முதல் படி: எது உங்கள் பில், எது மற்றவர் பில்?

இதைச் சரியாகப் பிரிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இங்கே விட்ட ஓட்டையிலிருந்துதான் வருகின்றன.

கவுன்சில்களின் பொதுச் சுகாதாரப் பணிகள் பற்றிய 2013ஆம் ஆண்டு விதிமுறைகளில் 6ஆம் விதி கவுன்சிலின் கடமையைச் சொல்கிறது. பால்வினை நோய்களுக்குப் பரிசோதனை, சிகிச்சை, துணைவர்களுக்குத் தகவல் கொடுத்தல். கருத்தடை ஆலோசனை, பலவகைக் கருத்தடை முறைகள். இவை கவுன்சில் எல்லைக்குள் இருக்கும் எவருக்கும் திறந்திருக்க வேண்டும், அங்கே குடியிருப்பவராக இருக்கவேண்டியதில்லை. ‘கவுன்சில்’ என்றால் எல்லாக் கவுன்சிலும் அல்ல. கவுண்டி கவுன்சில், யூனிட்டரி, மெட்ரோபாலிட்டன் பரோ, லண்டன் பரோ ஆகியவைதான். கவுண்டிக்குக் கீழே இருக்கும் மாவட்டக் கவுன்சிலுக்கு இந்த வேலை கிடையாது.

எச்.ஐ.வி. சிகிச்சை கவுன்சில் கணக்கில் வராது, அது என்.எச்.எஸ். பக்கம். கருக்கலைப்பு, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை, பெண்நோய் மருத்துவம் ஆகியவை 2022 ஜூலை முதல் ஐ.சி.பி. எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்களின் பொறுப்பு. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான மையங்கள், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை, சிறைக்குள் நடக்கும் சேவை ஆகியவையும் என்.எச்.எஸ். பொறுப்பே. ஜி.பி. சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் கருத்தடை மாத்திரை ஜி.பி. ஒப்பந்தத்துக்குள் அடங்கும்.

காகிதத்தில் கோடு தெளிவாகத்தான் தெரியும். நடைமுறையைப் பாருங்கள். கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயிலைக் கருத்தடைக்காக ஒரு பெண் பொருத்திக்கொண்டால் அது கவுன்சில் செலவு. மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு என்பதற்காக அதே காயிலை, அதே அறையில், அதே நர்ஸ் பொருத்தினால் அது ஐ.சி.பி. செலவு. இரண்டுக்கும் சேர்த்து வந்தவரை என்ன செய்வது? உருப்படியான கவுன்சில்கள் ஐ.சி.பி.யோடு முன்கூட்டியே பேசி, 2006ஆம் ஆண்டு என்.எச்.எஸ். சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் பணத்தை ஒன்றாகப் போட்டுவிடுகின்றன. பேசாத இடங்களில் அந்தப் பெண்ணை இன்னொரு காத்திருப்புப் பட்டியலுக்கு அனுப்புகிறார்கள்.

எச்.ஐ.வி. தொற்றாமல் காக்கும் பிரெப் மாத்திரையின் கதையும் இதேதான். 2016இல் என்.எச்.எஸ். இங்கிலாந்து, ‘நோய்த்தடுப்பு கவுன்சில் வேலை, எங்களுக்கு அதிகாரம் இல்லை’ என்று கைவிரித்தது. நேஷனல் எய்ட்ஸ் டிரஸ்ட் வழக்குப் போட்டது. அதே ஆண்டில் உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் என்.எச்.எஸ்.க்கு அதிகாரம் உண்டு என்றன. பிறகு ஒரு பெரிய ஆய்வுத் திட்டம் நடந்து, 2020இல்தான் பிரெப் வழக்கமான சேவையானது. இன்று மாத்திரைக்கு என்.எச்.எஸ். பணம் கொடுக்கிறது; ஆலோசனைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் கவுன்சில் கொடுக்கிறது.

இரண்டாம் படி: தேவையைக் கணக்கெடுப்பது

எண்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கிளினிக்கும் கம்கேட் என்ற பதிவுத் தொகுப்பின் வழியாக யூ.கே.எச்.எஸ்.ஏ. எனப்படும் சுகாதாரப் பாதுகாப்பு முகமைக்கு விவரம் அனுப்புகிறது. கருத்தடைக்குத் தனித் தொகுப்பு இருக்கிறது. ஃபிங்கர்டிப்ஸ் இணையதளத்தில் உங்கள் கவுன்சிலின் நிலையை அண்டை கவுன்சில்களோடு ஒப்பிட்டு எவரும் பார்க்கலாம். இதையெல்லாம், கவுன்சிலும் என்.எச்.எஸ்.உம் சேர்ந்து அமரும் ஹெல்த் அண்ட் வெல்பீயிங் போர்டின் கூட்டுத் தேவை மதிப்பீட்டில் சேர்ப்பார்கள்.

எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். கிளமிடியா என்ற பால்வினை நோயின் கண்டுபிடிப்பு விகிதம் ஏறினால் புதிய கவுன்சிலர்கள் பதறுவார்கள். இளம்பெண்களிடையே அந்த விகிதம் ஒரு லட்சத்துக்கு 3,250 ஆவது இருக்க வேண்டும் என்பதே அரசின் அளவுகோல். அதிகம் கண்டுபிடித்தால் அதிகம் குணமாக்கலாம் என்ற கணக்கு. கொனோரியா வேறு மாதிரி. 2023இல் இங்கிலாந்தில் 85 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது உறுதியானது. 1918இல் பதிவு தொடங்கியதிலிருந்து அதுவே அதிகம். மருந்துக்குக் கட்டுப்படாத வகைகளும் பரவுவதால் அங்கே ஏற்றம் உண்மையான எச்சரிக்கை. எச்.ஐ.வி.யில் நான் முதலில் பார்ப்பது, தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களின் பங்கை. அது அதிகமென்றால், பரிசோதனை போய்ச் சேராத ஒரு கூட்டம் ஊருக்குள் இருக்கிறது என்று பொருள்.

கிளினிக்குக்கு வந்தவர்களைத்தான் இந்த எண்கள் காட்டும். வராதவர்களை யார் எண்ணுவது? ஹாரோ, பிரென்ட், ரெட்பிரிட்ஜ் போன்ற பரோக்களில் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் ஓர் இணையக் கருத்துக்கணிப்பு வைத்துவிட்டு ‘மக்களைக் கேட்டோம்’ என்று எழுதினால், ஊர் வாய்க்குப் பயந்து கிளினிக் வாசலையே மிதிக்காத அக்காக்களின் குரல் அதில் இருக்காது. மாணவர் விசாவில் வந்த பையன், கிளினிக்குக்குப் போனால் ஹோம் ஆபீஸுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருப்பான். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இப்படிப்பட்ட வேறுபாடுகளைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதற்கான படிவத்தைக் கடைசி வாரத்தில் நிரப்புவது ஒரு கெட்ட பழக்கம்.

மூன்றாம் படி: என்ன வேண்டும் என்று எழுதுவது

வெள்ளைத் தாளிலிருந்து தொடங்கவேண்டாம். ஒருங்கிணைந்த பாலியல் நலச் சேவைக்கான தேசிய மாதிரி விவரக்குறிப்பு 2013இல் வந்து, பின்னர் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்து உங்கள் ஊருக்கு ஏற்பத் திருத்துங்கள். ‘ஒருங்கிணைந்த’ என்றால், நோய்ப் பரிசோதனையையும் கருத்தடையையும் ஒரே இடத்தில், ஒரே வருகையில் பெற முடிவது. தரத்துக்கு பாஷ், எஃப்.எஸ்.ஆர்.எச். (இப்போது சி.ஓ.எஸ்.ஆர்.எச்.) ஆகிய மருத்துவ அமைப்புகளின் வரையறைகளும், நைஸ் எனப்படும் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பின் வழிகாட்டுதல்களும் இருக்கின்றன. தொடர்புகொண்டவருக்கு 2 வேலை நாளுக்குள் இடம் தரவேண்டும் என்பது அவற்றில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று.

வழக்கமான அமைப்பு இப்படி இருக்கும்: ஊர் நடுவே ஒரு பெரிய கிளினிக், சுற்றிலும் வாரத்தில் சில நாள் இயங்கும் சிறிய கிளினிக்குகள், கல்லூரிகளுக்கும் விடுதிகளுக்கும் தேடிப்போகும் குழு, வீட்டுக்கே பரிசோதனைப் பெட்டி அனுப்பும் இணையச் சேவை. லண்டனில் இந்தக் கடைசிப் பகுதியைப் பெரும்பாலான பரோக்கள் சேர்ந்தே வாங்குகின்றன. 2018இல் தொடங்கிய செக்ஷுவல் ஹெல்த் லண்டன் சேவைக்கு சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன் முன்னின்று பொறுப்பேற்றிருக்கிறது. லண்டன்வாசிக்கு பரோ எல்லை ஒரு பொருட்டே இல்லை என்பதால் அங்கே அது நன்றாகப் பொருந்துகிறது.

அறிகுறி இல்லாதவர்களை இணையத்துக்கு அனுப்பினால், அறிகுறி உள்ளவர்களுக்கு கிளினிக்கில் இடம் கிடைக்கும். சரிதான். ஆனால் கூட்டுக் குடும்பத்தில், தபாலை வேறொருவர் பிரிக்கும் வீட்டில் இருப்பவருக்கு அந்தப் பெட்டி உதவாது. அவருக்காக நேரில் வரும் வழியையும் விவரக்குறிப்பிலேயே எழுதிவைக்க வேண்டும்.

16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பற்றிய பகுதியை அவசரப்படாமல் எழுதுங்கள். 1985இல் பிரபுக்கள் சபை கொடுத்த கில்லிக் தீர்ப்பின்படி, புரிந்துகொள்ளும் பக்குவமுள்ள சிறுவர் பெற்றோருக்குத் தெரியாமலே கருத்தடை பெறலாம். அதே சமயம், 13 வயதுக்குக் கீழ் என்றால் சட்டம் சம்மதத்தையே ஏற்காது. சுரண்டலின் அடையாளங்களைக் கவனிக்கும் பயிற்சியும் சமூகசேவைப் பிரிவுக்குத் தகவல் சொல்லும் வழியும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முக்கிய ஒப்பந்தத்துக்கு வெளியே இரண்டு சிறிய ஒப்பந்தங்கள் ஓடும். ஒன்று ஜி.பி.க்களோடு: காயில், கையில் வைக்கும் இம்பிளான்ட் ஆகியவற்றைப் பொருத்துவதற்கு. கொடுக்கும் கட்டணம் நர்ஸின் நேரத்துக்கும் பயிற்சிக்கும் கட்டுப்படியாகவில்லை என்றால் ஜி.பி. பேசாமல் விலகிவிடுவார், அந்தக் கூட்டம் மொத்தமும் உங்கள் கிளினிக் வாசலுக்கு வரும். இன்னொன்று மருந்துக்கடைகளோடு. அவசரக் கருத்தடை மாத்திரை கடையில் இலவசமாகக் கிடைப்பது முன்பு கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறியது. 2025 அக்டோபர் இறுதி முதல் இங்கிலாந்து முழுவதும் என்.எச்.எஸ். செலவிலேயே கிடைக்கிறது. பழைய மருந்துக்கடை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், ஒரே மாத்திரைக்கு இரண்டு பக்கமும் பணம் போய்க்கொண்டிருக்கலாம்.

நான்காம் படி: பணம் கொடுக்கும் முறை

விவரக்குறிப்பைவிட இதுதான் சேவையின் தலையெழுத்தை நிர்ணயிக்கிறது என்பது என் கருத்து. எவ்வளவு அழகாக எழுதினாலும், நடத்துபவர் பணம் வரும் திசையில்தான் நடப்பார்.

பணம் வருவது மத்திய அரசின் பொதுச் சுகாதார மானியத்திலிருந்து. 2025-26இல் இங்கிலாந்து முழுவதுக்கும் அது 380 கோடி பவுண்டுக்கு மேல். பெரிய தொகைபோலத் தெரியும். ஆனால் குழந்தைகளுக்கான ஹெல்த் விசிட்டர், போதை மறுவாழ்வு, புகைபிடிப்பதை நிறுத்தும் உதவி எல்லாம் இதே மானியத்தில்தான். 2015க்குப் பிறகு விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், தலைக்குக் கிடைக்கும் தொகை ஏறத்தாழ கால்பங்கு குறைந்துவிட்டது. இதற்கிடையில் என்.எச்.எஸ். ஊழியர்களுக்கு ஊதிய உயர்வு அறிவிக்கும்போதெல்லாம் கிளினிக்கின் செலவு ஏறுகிறது. அந்த உயர்வை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதுங்கள்.

ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகையாகக் கொடுத்தால் கவுன்சிலின் கருவூல அதிகாரி நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் பணம் தீரத் தீர, ஒருவரைப் பார்ப்பதால் நடத்துபவருக்கு வருவது செலவு மட்டுமே. தொலைபேசி எடுக்கப்படாது, காலை 8 மணிக்குத் திறக்கும் முன்பதிவு 8.05க்கு நிரம்பிவிடும். கதவு சட்டப்படி திறந்திருக்கும். உள்ளே நுழையத்தான் முடியாது. வருகைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் இதற்கு நேர்மாறு. ஒரே வருகையில் முடியும் வேலை இரண்டாகப் பிரியலாம், ஆண்டு முடிவில் கவுன்சிலுக்குத் தலைசுற்றும். இதனால் லண்டனில் ஒவ்வொரு வகைச் சிகிச்சைக்கும் தனித்தனி விலை வைத்த ஒருங்கிணைந்த கட்டணப் பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். பரிசோதனைக்கு ஒரு விலை, காயில் பொருத்த வேறு விலை.

ஒரு நடுத்தரக் கவுன்சிலுக்கு நான் சொல்வது கலவை முறை. கட்டடம், நிரந்தர ஊழியர், பயிற்சி, தேடிப்போகும் பணி ஆகியவற்றுக்கு மொத்தத் தொகை. அதற்கு மேல் குறிப்பிட்ட எண்ணிக்கை தாண்டினால் வகைக்கு ஒரு விலை, ஒரு மேல்வரம்புடன். தபால் வழிப் பரிசோதனைக்கு, அனுப்பிய பெட்டிக்கும் திரும்பிவந்த பெட்டிக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். அனுப்பியதற்கே முழுப்பணம் கொடுத்தால், எத்தனை பெட்டி அலமாரியில் தூங்குகிறது என்று எவருக்கும் கவலை இருக்காது.

வெளியூர்ப் பில்லும் இங்கேதான் வருகிறது. உங்கள் ஊர்க்காரர் வேறிடத்தில் சிகிச்சை பெற்றால் அந்தக் கவுன்சிலோ நடத்துபவரோ உங்களிடம் கேட்பார்கள். இது அரசு வழிகாட்டுதலில் இருக்கும் ஏற்பாடு, ஆனால் கொடுத்தே தீரவேண்டும் என்ற சட்டமில்லை. பால்வினை நோய் வருகைக்குப் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். கருத்தடைக்கு இடத்துக்கு இடம் மாறுகிறது. பில்லில் பெயரோ முகவரியோ இருக்கக் கூடாது. ‘யார் என்று சொன்னால்தான் பணம்’ என்று எந்த நிதி அதிகாரியும் அடம்பிடிக்க முடியாது.

ஐந்தாம் படி: நடத்துபவரைத் தேர்ந்தெடுப்பது

முன்பு டெண்டர்தான் வழக்கம். 2024 ஜனவரி 1 முதல், சுகாதாரச் சேவை வாங்குவதற்கு பிரொவைடர் செலெக்ஷன் ரெஜீம் என்ற புதிய விதிமுறை. பொதுக் கொள்முதலுக்கான 2023ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பொருந்தாது. ஆணுறை, பரிசோதனைப் பெட்டி என்று பொருளை மட்டும் தனியாக வாங்கினால்தான் அந்தச் சட்டத்துக்குப் போகவேண்டும்.

புதிய விதியில் மூன்று பாதைகள். முதலாவது நேரடியாகக் கொடுப்பது. அதற்குள் ஏ, பி, சி என்று மூன்று வகை. அவற்றில் கவுன்சில்கள் அதிகம் நாடுவது ‘சி’ வகை: இப்போது நடத்துபவர் திருப்தியாக நடத்துகிறார், புதிய ஒப்பந்தமும் பெரிதாக மாறவில்லை என்றால் அவருக்கே தொடர்ந்து கொடுக்கலாம். ஒப்பந்தத்தின் மதிப்பு 5 லட்சம் பவுண்டுக்குக் குறையாமலும் கூடவே 25 சதவீதத்துக்குக் குறையாமலும் உயர்ந்தால் அது பெரிய மாற்றம். சேவையின் தன்மையே மாறினாலும் அப்படித்தான். இரண்டாவது, போட்டி வைக்காமல் மிகப் பொருத்தமானவரைத் தேர்வது. மூன்றாவது, வழக்கமான போட்டி.

‘சி’ வகையோ மற்ற இரண்டு பாதைகளோ, எதை எடுத்தாலும் ஐந்து அளவுகோல்கள்: தரமும் புதுமையும், பணத்துக்கேற்ற மதிப்பு, ஒருங்கிணைப்பும் சேவையின் நீடிப்பும், எல்லோருக்கும் எட்டுவதும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும், சமூகப் பயன். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பது உங்கள் முடிவு, ஆனால் ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது. ‘சி’ வகையிலும் மற்ற இரண்டு பாதைகளிலும், யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று அறிவித்தபின் 8 வேலை நாள் பொறுத்திருக்க வேண்டும். வாய்ப்பை இழந்தவர் அதற்குள் ஆட்சேபிக்கலாம். உங்கள் பதிலில் திருப்தி இல்லையென்றால் ஒரு சுதந்திரக் குழுவிடமும் போகலாம். அப்போது உங்களைக் காப்பாற்றுவது நீங்கள் எழுதிவைத்த காரணங்கள் மட்டுமே. கூட்டத்தில் பேசியது செல்லாது.

நடத்த வருபவர்கள் பொதுவாக ஆஸ்பத்திரி டிரஸ்ட்கள் (என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிகளை நடத்தும் அமைப்புகள்), சமூக மருத்துவ டிரஸ்ட்கள், தனியார் நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள். பராமரிப்புத் தர ஆணையத்தில் பதிவு கட்டாயம். ஆஸ்பத்திரி அல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். பால்வினை நோய் நிபுணர்தான் பல ஊர்களில் எச்.ஐ.வி. நோயாளிகளையும் பார்க்கிறார். அவருடைய வேலையில் பாதிக்குக் கவுன்சிலும் மீதிக்கு என்.எச்.எஸ்.உம் பணம் கொடுக்கின்றன. நீங்கள் உங்கள் பாதியை உருவி வேறொருவரிடம் கொடுத்தால் மற்ற பாதி ஆட்டம் காணும். சேவை இப்படித் துண்டாவது பற்றி 2019இல் மக்கள்சபையின் சுகாதாரக் குழு தன் அறிக்கையில் எச்சரித்தது.

அமைச்சரவைக் கூட்டத் தேதியையும் மறக்கவேண்டாம். இத்தனை பெரிய ஒப்பந்தம் பெரும்பாலும் கவுன்சில் அமைச்சரவையின் முடிவாக இருக்கும். மே மாதத் தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் அதை வைக்க நினைத்தால் தள்ளிப்போகும்.

ஆறாம் படி: கைமாற்றுவது

நடத்துபவர் மாறினால் குறைந்தது ஆறு மாதம் கொடுங்கள். மூன்று மாதத்தில் முடியும் என்று விண்ணப்பத்தில் எழுதுவார்கள், நம்பாதீர்கள். ஊழியர்கள் டூபி (TUPE) என்ற ஊழியர் பாதுகாப்பு விதிப்படி தங்கள் வேலை நிபந்தனைகளோடு மாறுகிறார்கள், என்.எச்.எஸ். ஓய்வூதியம் தொடருமா என்ற கேள்வி தீரும்வரை அனுபவமுள்ள நர்ஸ்கள் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். கட்டடத்தின் குத்தகை பழைய டிரஸ்ட் பெயரில் இருக்கும். பரிசோதனைக்கூடத்தோடு புது இணைப்பு வேண்டும். நோயாளிப் பதிவேடு ஜி.பி. பதிவோடு சேராமல் தனியாகவே இருப்பது. அதை யார் வைத்திருப்பது, எப்படிப் பாதுகாப்பாக மாற்றுவது என்று முதல் வாரத்திலேயே பேசவேண்டும். பாதிச் சிகிச்சையில் இருக்கும் சிபிலிஸ் நோயாளியின் அடுத்த ஊசி தவறக் கூடாது.

ஏழாம் படி: கண்காணிப்பது

மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், ஒரு எக்செல் தாள், எல்லாம் பச்சை. இது கண்காணிப்பு ஆகாது. நீங்களே அந்த எண்ணுக்குத் தொலைபேசிசெய்து பாருங்கள். எத்தனை பேர் அழைத்து இடம் கிடைக்காமல் வைத்துவிட்டார்கள் என்ற கணக்கைக் கேளுங்கள், அது பெரும்பாலும் அறிக்கையில் இருக்காது. காயில் பொருத்த எத்தனை வாரம் காத்திருக்கிறார்கள், கொனோரியா உறுதியானவர்களின் துணைவர்களில் எத்தனை பேர் பரிசோதனைக்கு வந்தார்கள், எந்த போஸ்ட்கோடிலிருந்து எவருமே வருவதில்லை என்று பாருங்கள்.

நடுவில் புதிதாக ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும். 2022இல் எம்பாக்ஸ் (குரங்கம்மை) வந்தபோது தடுப்பூசிக்கான வரிசை இதே கிளினிக்குகளில்தான் நின்றது. 2025 ஆகஸ்டில், மூளைக்காய்ச்சலுக்கான மென்-பி தடுப்பூசியை, கொனோரியா ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு இங்கிலாந்து கொடுக்கத் தொடங்கியது. அதையும் போடுவது கவுன்சில் ஏற்பாடு செய்த இந்த கிளினிக்குகளே. ஆகவே இடையில் வேலை சேர்ந்தால் விலை பேசும் முறையை ஒப்பந்தத்தில் ஒரு பிரிவாகவே வையுங்கள்.

ஒப்பந்தக் காலம் பொதுவாக 3 முதல் 5 ஆண்டு, மேலும் ஓரிரு ஆண்டு நீட்டிக்கும் உரிமையுடன். முடிவதற்கு 18 மாதம் முன்பே அடுத்ததற்கான தேவை மதிப்பீட்டைத் தொடங்கிவிடுங்கள். நீட்டிப்பா, ‘சி’ வகையா, போட்டியா என்பதை அந்த முதல் மூன்று மாதத்துக்குள் முடிவுசெய்தால்தான் மேலே சொன்ன ஆறு மாதக் கைமாற்றத்துக்கு இடம் இருக்கும்.